அமுக்குவானும் கல்லூரி விடுதியும்

 

இன்றைய பதிவு வழக்கத்தைவிட நீளம். கையில் காபியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். பிள்ளைகளைக் கல்லூரி விடுதியில் விட்டிருப்பவர்கள் பாதியில் நிறுத்தாமல் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற மாதம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் அடித்தது. என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த மாணவி. இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. மகள் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். திட்டக் கூடாது" என்றாள்.

"சொல்லும்மா" என்றேன்.

"பிள்ளைக்குத் தூக்கத்துல யாரோ நெஞ்சு மேல ஏறி உக்காந்து அமுக்குறாப்ல இருக்காம் டீச்சர். கண்ணு முழிச்சிருக்கு, ரூம் எல்லாம் தெரியுது, கை கால் மட்டும் அசையலையாம். கத்துனா சத்தம் வரலையாம். பரீட்சை நேரத்துல மூணு தடவை வந்துருச்சு. கூட இருக்கிற பிள்ளைங்க பயந்து வேற ரூமுக்குப் போயிட்டாங்க. எனக்குப் படிப்பே வேண்டாம், வீட்டுக்கு வந்துருதேன்னு அழுதா."

திட்டக் கூடாது என்று அவள் ஏன் முதலிலேயே சொன்னாள் என்பதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கடைசியில் எழுதுவேன். முதலில் பாடத்தை முடித்துவிடுகிறேன். அந்த போனுக்குப் பிறகு ஒரு மாதமாக இதைப் பற்றித்தான் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் பக்கத்தில் இதற்கு 'அமுக்குவான்' என்று பெயர். அமுக்குவான் பேய், அமுக்குப் பேய் என்றும் சொல்வார்கள். எங்கள் ஆச்சி இதற்குப் பயந்து தலைமாட்டில் பழைய அரிவாள் ஒன்றை வைத்துக்கொண்டுதான் படுப்பாள். இரும்பு இருந்தால் அண்டாதாம். மல்லாந்து படுத்தால் "ஒருக்களிச்சுப் படுட்டி" என்று தொடையில் ஒரு தட்டு விழும். அந்த இரண்டு வைத்தியத்தில் ஒன்று சரி என்பதைப் பின்னால் பார்ப்போம்.

எனக்கும் அது வந்திருக்கிறது. 1977ஆம் வருடம், ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு. செய்முறைத் தேர்வுக்குக் கமிஷன் வரப் போகிறது என்று விடுதியில் ஒருத்தியும் தூங்கவில்லை. பாடக்குறிப்பு எழுதுவதும், சார்ட் ஒட்டுவதும், மாதிரிகள் செய்வதுமாக நாலைந்து ராத்திரி போயிற்று. ஒரு நாள் விடியற்காலம் அசந்து மல்லாந்து படுத்தேன். விழித்துக்கொண்டேன். மேலே மின்விசிறி தெரிகிறது, பக்கத்துப் பாயில் படுத்திருப்பவள் மூச்சுவிடுவது கேட்கிறது. ஆனால் என்னால் சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியவில்லை. கால்மாட்டில் ஒருவர் நிற்கிறார் என்று நிச்சயமாகத் தெரிந்தது. பிறகு நெஞ்சில் பாரம். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ இருக்கும். எனக்கு அது ஒரு யுகம்.

காலையில் யாரிடமும் சொல்லவில்லை. டீச்சராகப் போகிறவள் பேயைப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம். நாற்பத்தெட்டு வருடம் கழித்து இதோ உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். என் பிள்ளைகளுக்கும் இது புதுச்செய்தியாகத்தான் இருக்கும்.

இனி வரலாறு.

இது நம் ஊர்ப் பேய் மட்டும் இல்லை. துருக்கியில் இதைக் 'கராபசான்' என்கிறார்கள், கறுப்பாக வந்து அமுக்குவது என்று பொருள். மெக்சிகோவில் 'செத்தவன் என்மேல் ஏறிவிட்டான்' என்பார்கள். ஜப்பானில் 'கனாஷிபாரி', அதாவது இரும்பால் கட்டிப்போட்டது போல. ஹாங்காங்கில் 'பேய் அழுத்தியது'. கனடாவின் கிழக்கு ஓரத்தில் நியூஃபவுண்ட்லாந்து என்று ஒரு பெரிய தீவு இருக்கிறது. அங்கே மீனவக் கிராமங்களில் 'கிழவி வந்துவிட்டாள்' என்பார்கள். கிழவிக்குப் பயந்து ஆணி அடித்த பலகையை நெஞ்சில் வைத்துப் படுத்தவர்கள் அங்கே உண்டு. எங்கள் ஆச்சியின் அரிவாளுக்கு அந்தப் பலகை தூரத்துச் சொந்தம். ஆங்கிலத்தில் கெட்ட கனவுக்கு இன்று சொல்கிற 'நைட்மேர்' என்ற சொல்லும் முதலில் இதைத்தான் குறித்தது. அதில் இருக்கிற 'மேர்' குதிரை இல்லை. இரவில் வந்து நெஞ்சில் ஏறி அமரும் ஒரு துர்தேவதையின் பழைய பெயர்.

மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதத் தொடங்கி ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது. பத்தாம் நூற்றாண்டில் புகாரா நகரத்து மருத்துவர் அகவைனி, பாரசீக மொழியில் ஒரு மருத்துவ நூல் எழுதினார். மருத்துவம் கற்கும் மாணவர்களுக்கான வழிகாட்டி என்பதுதான் அந்த நூலின் பெயருக்கே அர்த்தம். வயிற்றிலிருந்து ஆவி கிளம்பி மூளைக்குப் போவதால் இது வருகிறது என்று அதில் விளக்கம் சொன்னார். காரணம் தவறுதான். ஆனாலும் பேய் என்று ஒதுக்காமல் உடம்புக்குள் காரணம் தேடியிருக்கிறார் பாருங்கள், அது பெரிய விஷயம்.

1664இல் ஹாலந்து நாட்டின் உட்ரெக்ட் நகரத்தில் டீமர்ப்ரூக் என்ற மருத்துவப் பேராசிரியர், ஐம்பது வயது அம்மா ஒருவரின் கதையைக் குறித்து வைத்தார். நல்ல திடகாத்திரமான உடம்பு. பகலில் ஒரு குறையும் இல்லை. ராத்திரி தூங்கப் போனால் சில சமயம் சாத்தானே மேலே படுத்து அழுத்துவது போல, சில சமயம் பெரிய நாயோ திருடனோ நெஞ்சில் கிடப்பது போல. பேச முடியாது, அசைய முடியாது. என் மாணவி போனில் சொன்னதும் அந்த அம்மா சொன்னதும் ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் 360 வருடம்.

1753இல் ஜான் பாண்ட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இதற்கென்றே தனிப் புத்தகம் போட்டார். அவருக்கே இந்தத் தொல்லை இருந்தது. மல்லாந்து படுப்பதுதான் காரணம் என்று அடித்துச் சொன்னார். ரத்த ஓட்டம் தடைப்படுகிறது என்று அவர் சொன்ன விளக்கம் பிறகு நிற்கவில்லை. ஆனால் மல்லாந்து படுக்கும்போதுதான் இது அதிகம் வருகிறது என்ற கவனிப்பை இன்றைய ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன. ஆச்சி தொடையில் தட்டியது இந்தக் கணக்கில்தான் சேரும்.

1782இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் ஃபுசேலி என்ற ஓவியர் ஒரு படம் வைத்தார். ஒரு பெண் மல்லாந்து கிடக்கிறாள். அவள் நெஞ்சின்மேல் குரங்கு போல ஒரு பூதம் குந்தியிருக்கிறது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குதிரைத் தலை எட்டிப் பார்க்கிறது. அந்தப் படம் இப்போது அமெரிக்காவில் டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் கிடைக்கும். ஆனால் ராத்திரியில் தேட வேண்டாம்.

இதற்கு 'ஸ்லீப் பராலிசிஸ்' என்று இன்று வழங்குகிற பெயரை 1928இல் வைத்தவர் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர். தமிழில் உறக்க வாதம் எனலாம். வாதம் என்றதும் பயப்படாதீர்கள். பக்கவாதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பெயர் வைத்தாயிற்று, ஏன் வருகிறது என்று தெரியவில்லை. அதற்கான கதவைத் திறந்தவர் ஒரு மாணவர். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நதானியேல் க்ளைட்மன் என்ற பேராசிரியரிடம் யூஜின் அசெரின்ஸ்கி ஆராய்ச்சி மாணவராக இருந்தார். ஒரு பழைய கருவியைத் தேடிப்பிடித்து, தன் எட்டு வயது மகன் ஆர்மண்டைப் படுக்கவைத்து, ராத்திரி முழுக்க அவன் கண் அசைவைப் பதிவு செய்தார். தூக்கத்தின் நடுவே சில சமயம் மூடிய இமைக்குள் கண்கள் வேகவேகமாக ஓடின. கருவியில்தான் கோளாறோ என்று சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். 1953இல் இருவரும் சேர்ந்து அதை வெளியிட்டார்கள். அந்தத் தூக்கத்தைத்தான் இப்போது 'ரெம்' தூக்கம் என்கிறோம். தெளிவான கனவுகள் பெரும்பாலும் வருவது அப்போதுதான்.

அடுத்து, பிரான்சில் லியோன் நகரத்தில் மிஷேல் ஷூவே என்ற விஞ்ஞானி பூனைகளை வைத்து ஆராய்ந்தார். 1959இல் அவர் காட்டியது இது: ரெம் தூக்கத்தில் மூளை விழித்திருப்பது போல வேலை செய்கிறது, ஆனால் உடம்பின் தசைகள் முழுக்கத் தளர்ந்துவிடுகின்றன. மூளைத்தண்டு தசைகளுக்குப் போகிற கட்டளையைத் தடுத்துவைக்கிறது. கனவில் ஓடினால் நிஜத்திலும் எழுந்து ஓடிவிடக் கூடாதே, அதற்கான ஏற்பாடு. கண்ணை அசைக்கும் தசைகளும், மூச்சுக்கு வேண்டிய உதரவிதானமும் மட்டும் இந்தத் தடையிலிருந்து தப்பியவை.

இப்போது கரும்பலகையில் எழுதுவது போல எழுதுகிறேன், பாருங்கள்.

மூளை விழித்துக்கொள்கிறது. உடம்பின் பூட்டு இன்னும் திறக்கவில்லை. அதனால் அசைய முடியவில்லை.

ஆழமாக மூச்சை இழுக்கப் பார்க்கிறோம். விலா எலும்புகளுக்கு நடுவில் உள்ள தசைகள் ஒத்துழைக்கவில்லை. உதரவிதானம் தன் வேலையைச் செய்துகொண்டிருப்பதால் மூச்சு ஓடுகிறது, ஆனால் நாம் நினைத்தபடி இழுக்க முடியவில்லை. அதுதான் நெஞ்சில் பாரம்.

கனவு இன்னும் முழுதாகக் கலையவில்லை. அதனால் அறையில் இல்லாத ஆள் இருப்பது போலத் தோன்றுகிறது, காலடி கேட்கிறது.

சில வினாடிகளிலோ ஓரிரண்டு நிமிடத்திலோ பூட்டு தானே திறக்கும். உயிருக்கு ஆபத்து இல்லை.

அமுக்குவானின் ஜாதகம் இவ்வளவுதான். 1977இல் என்னிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால் எத்தனை நல்லதாக இருந்திருக்கும்! நான் பாயில் பயந்து கிடந்தபோது ஷூவேயின் கண்டுபிடிப்புக்குப் பதினெட்டு வயது. எனக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். லியோனிலிருந்து எங்கள் விடுதிக்கு அது வந்து சேரவில்லை.

இனிமேல்தான் மாணவர்களின் கதை. இது எத்தனை பேருக்கு வருகிறது என்று எண்ணத் தொடங்கியபோது, ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் எண்ணியது கல்லூரிப் பிள்ளைகளைத்தான். பேராசிரியருக்குக் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பவர்கள் அவர்கள்தானே.

1962இல் அமெரிக்காவில் குட் என்ற மருத்துவர், மருத்துவ மாணவர்களையும் செவிலியர் மாணவிகளையும் கேட்டுப் பார்த்தார். நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேறவில்லை. அடுத்த வருடமே எவரெட் என்பவர் 52 மருத்துவ மாணவர்களைக் கேட்டார். நூற்றுக்குப் பதினைந்து என்று வந்தது. ஒரே நாடு, ஒரே மாதிரிப் பிள்ளைகள். எப்படி மூன்று மடங்கு வித்தியாசம்?

அதே 1963ஆம் வருடம் டிசம்பரில் டேவிட் ஹஃபோர்ட் என்ற இரண்டாம் ஆண்டுக் கல்லூரி மாணவர், பருவத் தேர்வின் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டுக் களைப்பில் சீக்கிரமே படுத்தார். கதவு திறக்கும் சத்தம். காலடி. யாரோ கட்டிலில் ஏறி நெஞ்சில் மண்டியிட்டுக் கழுத்தை நெரிப்பது போல. அவரால் அசைய முடியவில்லை. விடுபட்டதும் அந்த இடத்தை விட்டு ஓடினார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் போலத்தான்.

எட்டு வருடத்துக்குள் அவர் நாட்டார் வழக்காறு படிக்கும் ஆராய்ச்சியாளராகி நியூஃபவுண்ட்லாந்து போனார். அங்கே கிராமத்து ஜனங்கள் கிழவியைப் பற்றிச் சொன்னதைக் கேட்டபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். தனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறார்கள். அவருக்கோ 1963இல் கிழவி என்ற பெயரே தெரியாது. கதையைக் கேட்டுப் பயந்துதான் இப்படித் தோன்றுகிறது என்று படித்தவர்கள் அதுவரை சொல்லிவந்தார்கள். அது தலைகீழ் என்று ஹஃபோர்டுக்குப் பட்டது. அனுபவம் முதலில் வருகிறது, அதற்குப் பிறகுதான் கதை. அங்கிருந்த பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். ஏறத்தாழ நான்கில் ஒருவர் 'ஆம்' என்றார்கள். 1982இல் இதைப் புத்தகமாக எழுதினார்.

1987இல் ஜப்பானில் கசுஹிகோ ஃபுகுடா என்பவரும் அவருடைய குழுவினரும் 635 கல்லூரி மாணவர்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேர். 1994இல் ஹாங்காங்கில் 603 மாணவர்களிடம் கேட்டபோது 37 விழுக்காட்டினருக்கு இது வந்திருந்தது. இப்படி ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டவர்கள் 93 விழுக்காடு.

அமெரிக்காவில் ஐந்து, ஜப்பானில் நாற்பது. கீழை நாட்டுக்காரர்களுக்குத்தான் பேய் அதிகம் பிடிக்கிறதோ? ஃபுகுடா இந்தக் கேள்வியை விடவில்லை. 1993இல் அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. மாணவர்களிடம் ஒரே கேள்வியை வெவ்வேறு சொல்லில் கேட்டார். சிலருக்குக் கொடுத்த தாளில் ஊர்ச்சொல், 'கனாஷிபாரி வந்ததுண்டா?' என்று. வேறு சிலருக்கு மருத்துவச் சொல், 'தற்காலிக வாதம் வந்ததுண்டா?' என்று. ஊர்ச்சொல்லில் கேட்டபோது நூற்றுக்கு 39 பேர் ஆம் என்றார்கள். மருத்துவச் சொல்லில் கேட்டபோது 26 பேர்தான்.

அந்த வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். நூற்றுக்குப் பதின்மூன்று பிள்ளைகள், கேட்கிற சொல்லைப் பொறுத்து வெளியே வருகிறார்கள் அல்லது உள்ளேயே இருந்துவிடுகிறார்கள். ஒரு வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய பாடம் என்ன இருக்கிறது? பிள்ளையின் சொல்லில் கேட்டால்தான் பிள்ளை வாயைத் திறக்கும்.

பிறகு 2011இல் ஷார்ப்லெஸ், பார்பர் என்ற இருவர், அதுவரை நடந்த 35 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 36,533 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்தவர்கள், பொதுமக்களில் 7.6 விழுக்காடு. மாணவர்களில் 28.3. அதாவது ஐம்பது பேர் தங்கும் விடுதியில் பதினான்கு பேர். உங்கள் மகளின் விடுதியிலும் சராசரிக் கணக்குக்கு அத்தனை பேர் இருக்கலாம். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

மாணவர்களுக்கு ஏன் அதிகம்? முதலில் வயது. பெரும்பாலானவர்களுக்கு இது முதலில் வருவது பள்ளிக் கடைசியிலும் கல்லூரித் தொடக்கத்திலும்தான். அடுத்தது தூக்கம் கெடுவது. 1992இல் ஜப்பானியக் குழு ஒன்று இதை ஆய்வகத்திலேயே வரவழைத்துக் காட்டியது. 16 பேரைத் தூங்கவிட்டு, சரியான நேரத்தில் எழுப்பி, மறுபடி தூங்கவிட்டார்கள். 64 தடவை அப்படி எழுப்பியதில் 6 தடவை உறக்க வாதம் வந்தது. தூக்கத்தைத் துண்டு துண்டாக்கினால், சிலர் படுத்தவுடனே ரெம் தூக்கத்துக்குள் போய்விடுகிறார்கள். அப்போது மனசு முழுதாக அணையும் முன்பே உடம்பு பூட்டிக்கொள்கிறது.

பரீட்சைக்கு முந்தின வாரம் விடுதியில் நடப்பது இதுதானே. ராத்திரி இரண்டு மணி வரை படிப்பு, நாலு மணிக்கு அலாரம், அதை அணைத்துவிட்டு அரை மணி நேரம் படுக்கை, பகலில் ஒரு குட்டித் தூக்கம். அந்த ஆய்வகத்தில் செய்ததைப் பிள்ளைகள் தங்களுக்கே செய்துகொள்கிறார்கள். 1977இல் சார்ட்டும் பசையுமாக நாங்கள் செய்ததும் அதேதான்.

வருகிறதை எப்படி அர்த்தப்படுத்திக்கொள்கிறோம் என்பதும் முக்கியம். பாலந்த் ஜலால், டெவன் ஹின்டன் என்ற ஆய்வாளர்கள் எகிப்து ஜனங்களையும் டென்மார்க் ஜனங்களையும் ஒப்பிட்டு 2013இல் எழுதினார்கள். எகிப்தில் பலர் இது ஜின் வேலை என்று நம்பினார்கள். செத்துப்போவோம் என்ற பயம் அவர்களுக்கு டென்மார்க்காரர்களைவிட மிக அதிகம். பயம் கூடினால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுபடி இது வரும். அதைச் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

சரி. வெட்கப்படும்படியான கதைக்கு வருகிறேன்.

2001 பொங்கல் விடுமுறை. இதே மாணவி, அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. அவர்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் பிள்ளை. கரும்பும் பனங்கிழங்கும் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். போகிற நேரத்தில் வாசலில் நின்றுகொண்டு, "டீச்சர், ஹாஸ்டல்ல என்னைய அமுக்குவான் அமுக்குது" என்றாள்.

நான் அப்போது அறிவொளி இயக்கத்தில் ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்திய சூட்டில் இருந்து முழுதாக ஆறாதவள். மூடநம்பிக்கை என்ற சொல் நாக்கு நுனியில் இருக்கும். "காலேஜ் போயும் பேய் பிசாசுன்னு பேசுதியா? இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?" என்றேன். எங்கள் வீட்டுக்காரர் முன்னாலேயே, சத்தமாக.

அவள் சிரித்தாள். "சும்மா சொன்னேன் டீச்சர்" என்று போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் யாரிடம் போவாள்? விடுதிக்குத் திரும்பினாள், மறுபடி வந்திருக்கிறது. ராத்திரி தூங்கப் பயந்து உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். கூட இருந்தவர்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்ப, அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். கோடாங்கி பார்த்தார்கள், கயிறு கட்டினார்கள். படிப்பு அத்தோடு நின்றது. அடுத்த வருடம் கல்யாணம். கல்யாணத்துக்கு நான் போனேன், பந்தியில் சாப்பிட்டேன். ஏன் படிப்பை நிறுத்தினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதெல்லாம் சென்ற மாதம் போனில் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பேய் இல்லை என்று நான் சொன்னது உண்மைதான். இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆனால் அவளுக்கு நடந்ததே பொய் என்பது போலச் சொல்லிவிட்டேன். எனக்கே நடந்த ஒன்றை. அதை இருபத்து நாலு வருடமாக மூடி வைத்திருந்தேனே, அந்த மூடியை அவள் வந்து தொட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. கோடாங்கியாவது அவள் சொன்னதை நம்பினான். நான் நம்பவில்லை. நான் கேட்டிருந்தால் அவன் வாசலுக்கு அவள் போயிருக்க மாட்டாளோ என்னவோ.

அன்றைக்கு ராத்திரியே அவள் மகளோடு பேசினேன். முதலில் என் 1977 கதையைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "டீச்சர் ஆச்சி, உங்களுக்குமா?" என்றாள். அப்புறம்தான் அமுக்குவானைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டேன். எந்தப் பக்கம் நின்றது, எத்தனை நேரம், எப்படிப் படுத்திருந்தாய், அன்றைக்கு எத்தனை மணிக்குப் படுத்தாய். அவளாகவே சொன்னாள்: "மூணு தடவையும் மல்லாந்துதான் படுத்திருந்தேன் ஆச்சி. மூணு தடவையும் பரீட்சை வாரம்."

அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். தினமும் ஒரே நேரத்தில் படுத்து, போதுமான அளவு தூங்க வேண்டும். பரீட்சைக்காக ராத்திரித் தூக்கத்தை விற்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கலாம். வந்துவிட்டால் திமிற வேண்டாம். இது உறக்க வாதம், இப்போது போய்விடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, மூச்சைத் தன்பாட்டில் விட்டு, கண்ணையோ கால் விரலையோ மெல்ல அசைக்கப் பார்க்கலாம். அடிக்கடி வந்து தொந்தரவு செய்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பகலில் அடக்க முடியாமல் திடீர் திடீரென்று தூக்கம் வந்தாலும், சிரிக்கும்போது முழங்கால் தளர்ந்து விழப் பார்த்தாலும் தள்ளிப்போடவே கூடாது. அது நார்கோலெப்சி என்ற வேறு நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு.

மறுநாள் அவள் தன் தோழிகளிடம் பேசியிருக்கிறாள். பயந்து அறை மாறிப் போன இருவரில் ஒருத்திக்குப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே இது வந்திருக்கிறதாம். வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். இப்போது இருவரும் பழைய அறைக்கே திரும்பிவிட்டார்கள். பிள்ளை அடுத்த பரீட்சையும் எழுதிவிட்டாள்.

அவள் அம்மாவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எம்பேரு மட்டும் போடாதீங்க டீச்சர், மத்தபடி எழுதுங்க. வேற பிள்ளைங்களுக்கு ஆகும்" என்றாள். 2001இல் அவள் என் வாசலில் நின்று சொன்னதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. இருபத்து நாலு வருடம் தாமதம். மன்னித்துக்கொள் அம்மா.

நீங்கள் எல்லாரும் இன்று ராத்திரி விடுதியில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு போன் போடுங்கள். சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்டுவிட்டு, தூக்கம் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். அமுக்குவான் ஏதும் வந்ததா என்று நம் சொல்லிலேயே கேளுங்கள். வந்தது என்றால் சிரிக்காதீர்கள், திட்டாதீர்கள். முழுசாகச் சொல்ல விடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்